சுழலும் கருவியும் காக்கும் பொறுமையும்

நைனார்பாளையத்தில் இரத்தப் பரிசோதனைக்குக் கை நீட்டும் நாம், அதைச் சுழற்றிச் சீரம் பிரிப்பவரை எண்ணுவதில்லை. சென்னையில் செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி, பேராசிரியை சுனிதி சாலமன் வழிகாட்டலில் பிரித்த சீரத்தில்தான் 1986-இல் இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது. கொடிய கிருமி அக்குழாய்களிலேயே இருந்ததன்றோ!

மையவிலக்குக் கருவிக்குள் குழாய் உடைந்தால் நுண்துளிகள் காற்றில் கலக்கும். எனவே, கருவியை நிறுத்தி, மூடியைத் திறவாமல் 30 நிமிடம் காத்திருக்க வேண்டும். பின்பு தடித்த கையுறை அணிந்து, கண்ணாடித் துண்டுகளை இடுக்கியால் எடுக்க வேண்டும். பிளீச்சிங் கரைசல் உலோகத்தை அரிக்கும். அரித்த சுழலி வேகத்தில் வெடிக்கலாம். ஆதலால் அரிக்காத கிருமிநாசினியால் இருமுறை துடைத்து, நீரால் கழுவி உலர்த்துவர்.

பிறர் நோயறிய உழைப்பவர் நோயுறலாகாது. அந்த அரைமணிப் பொறுமையும் பிறரன்புப் பணியே என உணர்வோம்!