ஒரு சோப்பும் மூன்று முகங்களும்

மயிலாப்பூர்த் தெப்பக்குளத்துக்குக் கூப்பிடு தூரத்தில் இருந்த வாடகை வீடொன்றில் நாங்கள் சகோதரிகள் மூவர் வளர்ந்தோம். குளியலறையில் ஒரே ஒரு சோப்புதான் இருக்கும். வெள்ளிக்கிழமைகளில் அதுவும் விலகிக்கொண்டு நலங்கு மாவுக்கு இடம் விடும். அந்தச் சோப்பைப் போட்ட பத்தாவது நிமிடம் மூத்தவளுக்குக் கன்னம் இழுக்கும். உதட்டோரம் வெள்ளையாய்ச் செதில் உதிரும். நடுவிலவளுக்குப் பள்ளியின் முதல் மணி அடிப்பதற்குள் நெற்றியும் மூக்கும் எண்ணெய் தடவினாற்போல் மின்னும். இளையவளுக்கோ எது பட்டாலும் சிவக்கும், அரிக்கும். ஆறிய இடத்தில் கருமை தங்கிவிடும். ஒரே வயிற்றுப் பிள்ளைகள், ஒரே கிணற்றுத் தண்ணீர், ஒரே சோப்பு. முகங்கள் மட்டும் மூன்று விதம். இதை எங்கள் வீட்டில் எவரும் கவனித்ததாக நினைவில்லை. அவர்கள் கவனித்தது, மூவரில் யார் சிவப்பு, யார் மாநிறம், யார் கறுப்பு என்பதைத்தான்.

அந்த வரிசையில் இளையவளுக்குக் கடைசி இடம். கல்யாண வீடுகளில் அவளைப் பார்த்துக் "களையான முகம்" என்பார்கள். அதற்குப் பின் ஓர் "ஆனால்" உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை, எங்களுக்குக் கேட்கும். பாட்டி அவளுக்கு மட்டும் நலங்கு மாவை ஒரு கை கூடுதலாகக் குழைப்பாள். கச்சேரி சாலை டப்பா செட்டி கடையில் வாங்கிய பூலாங்கிழங்கும் கஸ்தூரி மஞ்சளும் கோரைக்கிழங்கும் ஆவாரம்பூவும் கார்போகி அரிசியும் பச்சைப்பயறோடு மில்லுக்குப் போய் மணக்க மணக்கத் திரும்பும். பாட்டியின் அன்பைக் குறைசொல்ல எங்களுக்கு நா எழாது. ஆயினும் அந்த மாவு மூத்தவளை மேலும் வறளச் செய்தது; நடுவிலவளுக்கு ஒத்துக்கொண்டது; இளையவள் அதைத் தேய்த்துக் குளித்துவிட்டு வெயிலில் நடந்த நாட்களில் அவள் முகம் கன்றிப்போயிற்று. கார்போகியில் சோரலென் என்றொரு பொருள் உண்டென்றும், அது பட்ட தோல் வெயிலின் புற ஊதாக் கதிருக்கு மிகையாகக் கூசும் என்றும், அக்குணத்தினால்தான் வெண்புள்ளி நோய்க்கு அது நெடுங்காலமாக மருந்தாக இருந்து வருகிறது என்றும் பல ஆண்டுகள் கழித்துத் தெரிந்துகொண்டோம். இளையவளின் துன்பத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம். இயற்கைப் பொருள் என்பதாலேயே எல்லா முகத்துக்கும் ஏற்றதாகிவிடாது.

2006இல் அவளுக்கு வரன் பார்க்கத் தொடங்கினார்கள். இரண்டு இடங்கள் தட்டிப்போயின. ஜாதகம் பொருந்தவில்லை என்றார்கள். ஒரு மாலை தியாகராய நகரில் புடவை வாங்கிவிட்டுத் திரும்பும் வழியில் நாங்கள் மூவருமாக ஒரு மருந்துக் கடையில் நுழைந்தோம். மருத்துவர் சீட்டு இல்லை; கடைக்காரர் கேட்கவும் இல்லை. சுண்டுவிரல் நீளத்துக் குழாய் ஒன்றை எடுத்து வைத்து, "பத்தே நாளில் தெரியும்" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. பத்தாம் நாள் வீடே அவள் முகத்தைப் பார்த்து மகிழ்ந்தது. நான்காம் மாதம் கன்னங்களில் நூல் நூலாய்ச் சிவப்பு நரம்புகள் தெரிந்தன. கொத்துக் கொத்தாய்ப் பருக்கள் வந்தன. தாடையோரம் பூனைமுடி அடர்ந்தது. பூசுவதை நிறுத்தினால் முகம் பற்றி எரியும். மறுபடி பூசினால் அடங்கும். நிச்சயதார்த்தப் புகைப்படங்களில் அவள் முகம் ஒளிர்கிறது. கல்யாணப் புகைப்படங்களில் ஒப்பனைக்கு அடியில் அது கனன்றுகொண்டிருந்தது எங்கள் மூவருக்கு மட்டுமே தெரியும்.

கல்யாணம் முடிந்த பின்னரே அடையாறில் ஒரு சரும மருத்துவரிடம் போனோம். குழாயை வாங்கிப் பொடி எழுத்துகளைப் படித்தார். ஸ்டீராய்டு ஒன்று, ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின். பிறகு அவளிடம், "உங்கள் சருமம் எப்படிப்பட்டது, தெரியுமா அம்மா?" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டு "கறுப்பு" என்றாள். அவர் சற்று நேரம் பேசவில்லை. பின்னர், "அது நிறம். நான் சருமத்தைக் கேட்டேன்" என்றார். அக்கேள்விக்கு விடை எங்கள் மூவருக்குமே தெரிந்திருக்கவில்லை.

இவ்விடத்தில் ஒரு தற்செயலைச் சொல்ல வேண்டும். 1975இல், எங்களில் மூத்தவள் பிறந்த ஆண்டில், மூன்று காரியங்கள் நடந்தன. ஹார்வர்டில் தாமஸ் ஃபிட்ஸ்பாட்ரிக் என்ற மருத்துவர், வெயிலில் தோல் கன்றுகிறதா, கருக்கிறதா என்ற கேள்வியை வைத்துத் தோலை வகைப்படுத்தினார். முதலில் வெள்ளைத் தோலுக்கு மட்டுமே வகைகள் இருந்தன; நம்மைப் போன்றவர்க்கான வகைகள் பிறகே சேர்ந்தன. சோரலெனும் புற ஊதாக் கதிரும் சேர்ந்த சிகிச்சைக்கு அளவு நிர்ணயிக்கவே அப்பாகுபாடு பிறந்தது. அதே ஆண்டில் கிளிக்மன், வில்லிஸ் என்ற இருவர் தோலின் கருமையைப் போக்க ஹைட்ரோகுவினோன், டிரெட்டினாயின், ஸ்டீராய்டு மூன்றையும் கலந்த பூச்சொன்றை வெளியிட்டார்கள். அது மருத்துவர் கண்பார்வையில் ஆளப்பட வேண்டிய மருந்து. எங்கள் குழாய் அதன் வாரிசு. அதே ஆண்டில்தான் இந்துஸ்தான் லீவர் ஃபேர் அண்ட் லவ்லியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 2009இல் இதே சென்னையிலிருந்து 'டார்க் இஸ் பியூட்டிஃபுல்' என்ற இயக்கம் புறப்பட்டது. 2018இல் மத்திய அரசு ஸ்டீராய்டுப் பூச்சுகள் பலவற்றை மருத்துவர் சீட்டின்றி விற்கலாகாத பட்டியலில் சேர்த்தது. 2020இல் அந்தக் களிம்பின் பெயரிலிருந்து 'ஃபேர்' நீங்கி 'க்ளோ' வந்தது. எங்கள் வீட்டுக்கு இவையெல்லாம் தாமதமாகவே வந்து சேர்ந்தன.

நிற்க. மருத்துவர் அன்று கற்றுக்கொடுத்த சோதனைக்குக் காசு செலவில்லை. காரமில்லாத கழுவியால் முகத்தைக் கழுவி, ஒற்றித் துடைத்து, எதையும் பூசாமல் அரைமணி நேரம் நிழலில் உட்கார வேண்டும். முகம் முழுதும் இழுத்தால் வறண்ட சருமம். முழுதும் மினுங்கினால் எண்ணெய்ச் சருமம். நெற்றி, மூக்கு, முகவாய் மினுங்கிக் கன்னம் சும்மா இருந்தால் கலப்புச் சருமம். ஒன்றுமே தோன்றாவிட்டால் இயல்பான சருமம், அவர்கள் பாக்கியசாலிகள். எரிச்சலும் சிவப்பும் வருவது தனிக் கணக்கு. மேற்சொன்ன எந்தச் சருமமும் கூடவே சென்சிட்டிவாகவும் இருக்கலாம்.

சென்னைக்காரர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் தந்தார். இங்கே பலர் வியர்வையை எண்ணெய் என்று எண்ணிக்கொள்கிறார்கள். மெல்லிய தாளால் மூக்கை ஒற்றிப் பாருங்கள். வியர்வையின் ஈரம் உலர்ந்துவிடும். எண்ணெயின் கறை பஜ்ஜி மடித்த தாள்போல் ஒளி ஊடுருவ அப்படியே நிற்கும். சித்திரை வெயிலில் ஒருமுறையும் மார்கழியில் ஒருமுறையும் சோதிப்பது நல்லது. வயதும் பருவமும் மாறச் சருமமும் மாறும். எண்ணெய்ச் சருமம் என்று பெயர் பெற்ற எங்கள் நடுவிலவள் நாற்பத்தெட்டில் க்ரீம் தேடுகிறாள்.

வகை தெரிந்தபின் தேர்வு எளிது. சோப்புக்குக் காரத்தன்மை அதிகம், தோலோ இயல்பில் சற்றே அமிலத்தன்மை உடையது. ஆகவே மூவருமே முகத்துக்குச் சோப்பை விட்டோம். மூத்தவள் ஈரம் காயுமுன்னே கிளிசரினும் செராமைடும் உள்ள கெட்டிக் க்ரீமைப் பூசுகிறாள். நடுவிலவள் பருக்களுக்குப் பயந்து நாளுக்கு ஐந்துமுறை கழுவிக்கொண்டிருந்ததை இருமுறையாக்கி, சாலிசிலிக் அமிலம் சேர்ந்த கழுவியையும் லேசான ஜெல்லையும் எடுத்துக்கொண்டாள். எண்ணெய் வழியும் முகத்துக்கும் ஈரப்பதம் வேண்டும் என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. இளையவள் வாசனை சேர்த்த எதையும் தொடுவதில்லை. புதியதொன்றை முழங்கை மடிப்பில் சில நாள் பூசிப் பார்த்த பிறகே முகத்துக்குக் கொண்டுபோகிறாள். மூவருக்கும் பொதுவானது வெயில் காப்புக் களிம்பு, எஸ்பிஎஃப் முப்பதுக்குக் குறையாமல். ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி முகத்துக்கும் கழுத்துக்கும் பூச வேண்டும். நம் பழுப்புத் தோலில் சிறு பரு, சிறு சிராய்ப்புகூடக் கரும்புள்ளியை விட்டுச் செல்லும். வெயில் அதை ஆழமாக்கும். கருப்பாகிவிடுவோமே என்று அஞ்சிப் பூசுவதற்கும், ஆறிக்கொண்டிருக்கும் தோலுக்கு நிழலாகப் பூசுவதற்கும் உள்ள வேறுபாட்டை அவள்தான் எங்களுக்குச் சொன்னாள்.

இலக்கியம் படிப்பவர்களுக்கு இன்னொன்றும் நினைவுக்கு வரும். சங்கப் பாடல்களில் மாந்தளிர் போன்ற மாமை நிறம் அழகு. அதன்மேல் படரும் வெளிறிய பசலை, பிரிவினால் வரும் நோய். வெள்ளிவீதியார் குறுந்தொகையில் தம் மாமையைப் பசலை உண்ண வருகிறதே என்றுதான் வருந்துகிறார். வெளுப்பை நோயென்று பாடிய மொழியைப் பேசிக்கொண்டே வெளுப்பைக் குழாயில் அடைத்து வாங்கி வந்தோம். வாங்கியவர்கள் நாங்கள்தாம், கடைக்காரரையோ பாட்டியையோ மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது.

இளையவளின் முகம் தெளிய ஏறக்குறைய ஓராண்டு ஆயிற்று. கன்னத்துச் சிவப்பு இழைகள் சில இன்றும் இருக்கின்றன. சென்ற மாதம் மூத்தவளின் மகள் கைபேசியில் ஏதோ ஒரு சீரத்தின் படத்தைக் காட்டி, "சித்தி, இது பூசினா கலர் வருமா?" என்று கேட்டாள். பாட்டி சொல்லியிருக்கக்கூடியதும் கடைக்காரர் சொன்னதும் எங்களுக்கு ஒருசேர நினைவுக்கு வந்தன. இளையவள் மட்டும் எழுந்து குழாயைத் திறந்துவிட்டு, "முதல்ல மூஞ்சியக் கழுவிட்டு வா, கண்ணு. அரைமணி நேரம் ஒண்ணும் பூசாம எங்களோட உக்காரு" என்றாள். அன்று மாலை நால்வரும் முகம் கழுவி, ஆளுக்கொரு தாளுடன் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம்.