தடிப்பைக் கழித்தால்தான் சுவர் சேரும்

கல்மண்டபம் தாண்டி வடக்கே திருவொற்றியூர், எண்ணூர் என்று போகப் போக, சாலையோரத்தில் ரேடியம் கடைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். கன்டெய்னர் லாரியின் பின்பக்கத்துக்குச் சிவப்புப் பட்டை, ஷேர் ஆட்டோ கண்ணாடிக்குப் பிள்ளைகளின் பெயர், காசிமேட்டு விசைப்படகுக்குப் பதிவு எண், மீன் வண்டிக்கு வேளாங்கண்ணி மாதா எல்லாம் அங்கே ஒரே இயந்திரத்தில் வெட்டப்படுகின்றன. மேஜைமேல் வைக்கிற அளவுதான். கடைக்காரர்கள் அதை ப்ளாட்டர் என்பார்கள். பிரின்டரில் மை தெளிக்கும் தலை இருக்கிற இடத்தில் இதில் ஒரு சின்னஞ்சிறு பிளேடு இருக்கும். தலை இடமும் வலமும் ஓடும், உருளைகள் தாளை முன்னும் பின்னும் இழுக்கும். இந்த இரண்டு அசைவும் சேர்ந்தால் எந்தக் கோட்டையும் வெட்டிவிடலாம்.

அந்த இயந்திரத்தை வைத்துக்கொண்டு ரயில் பெட்டியும் கன்டெய்னர் யார்டும் சிறிய அளவில் செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, திருவொற்றியூர் தேரடிப் பக்கம் ஒரு சந்துக்குப் போனேன். முன்னறை ரேடியம் கடை, பின்னறை மாடல் வேலைக்கு. கடையை நடத்துகிறவர் முப்பதுகளில் இருக்கும் ஒரு பெண். கூட வேலை செய்கிறவர் அவருடைய அப்பா. எண்ணூர்ப் பக்கம் ஒரு ஃபவுண்டரியில் பேட்டர்ன் மேக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். பெயர் வேண்டாம், வேலையை எழுதுங்கள் என்று இருவருமே சொல்லிவிட்டார்கள்.

மேஜைமேல் ஒரு சரக்குப் போக்குவரத்து அலுவலகத்தின் வரவேற்பறைக்காகச் செய்துகொண்டிருந்த யார்டு மாடல் இருந்தது. அளவு 87-இல் ஒரு பங்கு. இருபது அடி கன்டெய்னர் நிஜத்தில் 6,058 மில்லிமீட்டர் நீளம், 2,438 அகலம், 2,591 உயரம். 87-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 70, 28, 30. கணக்கு இவ்வளவு சுலபமென்றால் பள்ளிக்கூடப் பையன்கூடச் செய்துவிடலாமே என்று தோன்றும். பெரியவர் அங்கேயே நிறுத்தினார்.

"தம்பி, நாலு சுவத்தையும் கணக்குல வந்த அளவுக்கே வெட்டுனா பொட்டி சேராது. அட்டைக்குத் தடிப்பு இருக்குதில்ல? அதக் கழிக்கணும்."

அரை மில்லி அட்டையில் வெட்டினால், முனைச் சுவர் இரண்டும் நீளச் சுவர்களுக்கு நடுவில் உட்கார வேண்டும். அப்படியானால் 28 மில்லி அகலம் வர வேண்டிய முனைச் சுவரை 27-க்குத்தான் வெட்ட வேண்டும். மடிக்கிற மூலையில் தாள் தன் தடிப்பைக் கொஞ்சம் விழுங்கும், அதற்கு வேறு கணக்கு. பசைக்கு என்று ஒரு மயிரிழை விட வேண்டும். கன்டெய்னர் சின்னது, அரை மில்லி பிசகினால் கூரை ஏறாது. பெரிய மாடலில் இதே பிசகு மூலைக்கு மூலை சேர்ந்துகொண்டே போய்க் கடைசிச் சுவரில் பல்லிளிக்கும்.

இந்தக் கழிக்கிற புத்தி அவருக்கு எங்கிருந்து வந்தது என்று புரிந்துகொள்ள வேண்டுமானால் ஃபவுண்டரிக்குள் போக வேண்டும். 1955 இந்த வட்டாரத்துக்குப் பெரிய ஆண்டு. எண்ணூரின் அசோக் மோட்டார்ஸ் அசோக் லேலண்ட் ஆனதும், புல்லட் செய்ய என்ஃபீல்டு இந்தியா உருவானதும், மேற்கே பெரம்பூரில் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப். திறக்கப்பட்டதும் அந்த ஒரே ஆண்டில். லாரி என்ஜினின் வார்ப்புப் பாகம் ஒவ்வொன்றுக்கும் முதலில் மரத்தில் ஓர் உருவம் செய்தார்கள். அதுதான் பேட்டர்ன். அதை மணலில் புதைத்து எடுத்து, அது விட்டுப்போன குழிக்குள் உருகிய இரும்பை ஊற்றுவார்கள். இரும்பு ஆறும்போது சுருங்கும். வார்ப்பிரும்புக்கு அடிக்கு எட்டில் ஒரு அங்குலம், அதாவது நூற்றுக்கு ஒன்று. ஆகவே பேட்டர்ன் அந்த அளவுக்குப் பெரிதாக இருக்க வேண்டும். இதற்கென்றே ஒரு ஸ்கேல் உண்டு. பார்த்தால் சாதாரண ஸ்கேல்தான், ஆனால் அதில் ஓர் அடி என்பது நிஜ அடியைவிட எட்டில் ஒரு அங்குலம் நீளம். பேட்டர்ன் மேக்கர் எந்த உலோகத்துக்கு வேலை செய்கிறாரோ அந்த உலோகத்துக்கான ஸ்கேலை எடுத்து அளப்பார். மணலிலிருந்து உருவம் சிதையாமல் வெளியே வர, பக்கச் சுவர்களுக்குச் சற்றுச் சாய்வும் கொடுப்பார். கையில் இருக்கும் அளவு ஒன்று, கடைசியில் வரப்போகும் அளவு வேறு என்று தெரிந்தே பல பத்தாண்டுகள் மரம் இழைத்தவர் அவர். அட்டையின் தடிப்பு அவருக்குப் புதுப் பிரச்சினையே இல்லை.

மகளுக்குத் தெரிந்தது பிளேடு. பிளேட்டின் நுனி அச்சுக்கு நேர் கீழே இருக்காது, கால் மில்லி தள்ளி இருக்கும். அதனால்தான் தலை போகிற திசைக்கெல்லாம் பிளேடு தானாகத் திரும்பி, இழுபட்டுக்கொண்டே வருகிறது. ரேடியம் ஸ்டிக்கரில் இதனால் தொந்தரவில்லை. தடித்த அட்டையில் செங்கோண மூலைக்கு வந்தால் பிளேடு திரும்புகிற இடத்தில் அட்டை பிய்ந்துவிடும். அதற்கு அவர் கோட்டை மூலைக்கு அப்பால் இழையளவு நீட்டிவிடுகிறார். ஒரே அழுத்தத்தில் வெட்டாமல், மெல்ல மெல்ல மூன்று நான்கு தடவை அதே கோட்டில் ஓடவிடுகிறார். ஜன்னல்களை முதலில் வெட்டுகிறார், வெளிக்கோட்டைக் கடைசியில். "வெளிக்கோடு வெட்டிட்டா துண்டு ஆடும்ணா. அப்புறம் ஜன்னலு ஒண்ணு ஒரு பக்கம் போவும்" என்றார். பிளேட்டின் சாய்வும் வேலைக்குத் தக்கபடி மாறும். ஸ்டிக்கருக்கு 45 டிகிரி, தடித்த அட்டைக்கு 60.

லேசர் இயந்திரம் இதைவிட வேகம் இல்லையா என்று கேட்டேன். வீட்டுக்குள் அது ஆகாது என்றார். மாடல்காரர்கள் அதிகம் பயன்படுத்தும் சன் போர்டு பி.வி.சி. நுரை. லேசர் பட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை வரும், மனிதனுக்கும் கேடு, இயந்திரத்துக்கும் கேடு. பிளேடு எதையும் எரிப்பதில்லை. அட்டையின் ஓரம் கருகாது, மெல்லிய பிளாஸ்டிக் ஷீட் உருகாது. கால் மில்லி பிளாஸ்டிக் முழுதாக வெட்டுப்படும், அரை மில்லியைக் கீறிவிட்டு மடக்கினால் கோட்டில் நேராக உடையும். பிரிட்டனில் ரயில் மாடல் செய்கிறவர்கள் பலர் பெட்டிகளின் பக்கச் சுவர்களை இப்படித்தான் செய்கிறார்கள். கீறி மடக்குவது திருவொற்றியூருக்குப் பழைய வித்தை என்பதையும் சொல்ல வேண்டும். மெட்ரோவில் விம்கோ நகர் என்று இறங்குகிறோமே, அந்த விம்கோ ஒரு தீப்பெட்டிக் கம்பெனி. அந்தக் காலத் தீப்பெட்டி, கீறல் போட்ட மெல்லிய மரச் சீவலை மடித்துச் செய்ததுதான்.

கடற்காற்று இந்த வேலைக்கு எதிரி. ஈரம் ஏறினால் அட்டை ஊதும், அதுவும் இழையோட்டத்துக்குக் குறுக்கே அதிகம் ஊதும். காலையில் வெட்டிய சுவரும் மாலையில் வெட்டிய சுவரும் ஒட்டும்போது சேராது. அட்டைகளை இரும்புப் பீரோவில், செருப்புப் பெட்டிகளில் வரும் சிலிக்கா பொட்டலங்களோடு வைத்திருக்கிறார்கள். தாளைப் பிடித்துக்கொள்ளும் பசைப் பாய்க்கு இன்னொரு கேடு. எண்ணூர்ப் பக்கமிருந்து காற்றடிக்கிற நாளில் நிலக்கரித் தூசும் சாம்பலும் படிந்து, பாய் சீக்கிரமே பிடிப்பை இழக்கிறது. கழுவிக் காயவைத்தால் கொஞ்ச நாள் வரும். அந்தப் பாயைக் கழுவிய தண்ணீரைப் பார்த்தேன். இந்த மக்கள் இழுக்கிற மூச்சிலும் அதே கறுப்புதான் போகிறது. அனல்மின் நிலையச் சாம்பலைப் பற்றிப் பேசும்போது நாம் இந்த வீடுகளை நினைத்துக்கொண்டு பேச வேண்டும்.

பெரியவரின் ஆசை ரயில் பெட்டி. இதில் அளவு எடுப்பதிலேயே ஒரு சிக்கல். நம் அகல ரயில்பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். உலகச் சந்தையில் அதிகம் கிடைக்கும் மாடல் தண்டவாளம் 16.5 மில்லி. அது 1,435 மில்லி பாதைக்காக, 87-இல் ஒரு பங்குக் கணக்கில் வந்தது. நம் பெட்டியை அதே கணக்கில் செய்தால் தண்டவாளம் 19 மில்லிக்கு மேல் இருக்க வேண்டும், கிடைக்கிற தண்டவாளத்தில் வண்டி ஒடுங்கிய காலில் நிற்கும். நூற்றில் ஒரு பங்காகச் செய்தாலோ 16.76 வருகிறது, கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. அவர் நூறையே பிடித்துக்கொண்டார். ஐ.சி.எஃப். பெட்டியின் உடல் 21,337 மில்லி நீளம், 3,245 அகலம். நூற்றில் ஒரு பங்கு 213 மில்லி, பன்னிரண்டு அங்குலப் பாயில் தாராளமாக அடங்கும். மனத்திலேயே வகுத்துவிடலாம் என்பது கூடுதல் லாபம்.

பக்கச் சுவர் மூன்று அடுக்கு. வெளித் தோல், அதற்குள் கண்ணாடிக்காக ஓ.எச்.பி. ஷீட், உள்ளே ஜன்னல் சட்டத்துக்காகத் துளையைச் சற்றுக் குறுக்கிய இன்னொரு அட்டை. ஜன்னல் கம்பியைத்தான் இயந்திரத்தால் வெட்ட முடியவில்லை. கம்பி 12 மில்லி என்று வைத்தால் மாடலில் 0.12. அந்த அகலத்தில் அட்டை நிற்காது. மோட்டார் காயில் கட்டும் கடையிலிருந்து 40 கேஜ் செம்புக் கம்பி வாங்கி வந்தார்கள். அதன் தடிப்பு ஏறக்குறைய அதே 0.12. வெளித் தோலின் உள்பக்கம் ஜன்னலுக்கு இரு ஓரமும் கீறல் போடச் சொல்லி, அந்தக் கீறலில் கம்பியைப் பதித்து ஒட்டுகிறார்கள். அந்த ஜன்னலைக் கையில் வைத்துப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை. எத்தனை இரவுகள் இப்படிப்பட்ட கம்பிகளுக்குப் பின்னால் தலைசாய்த்துப் போயிருக்கிறோம்.

தட்டையான தாள் ஒரு பக்கமாக வளையும், ஒரே நேரத்தில் இரண்டு பக்கம் வளையாது. பெட்டிக் கூரையின் நடுப்பகுதியை ஒரு தாளே வளைந்து மூடிவிடுகிறது. கூரை முனை உருண்டு இறங்கும் இடத்தில் தாள் சுருங்கிச் சுருக்கம் விழுகிறது. அங்கே பெரியவர் தேக்குத் துண்டை எடுத்து உளியால் செதுக்குகிறார். ஒரு புல்லட்டின் பெட்ரோல் டேங்க்கையும் அப்படித்தான் செதுக்கியிருந்தார். அதன்மேல் தங்கக் கோடு போட மகள் வினைலில் வெட்டி ஒட்டிப் பார்க்க, வளைவில் அது மடிந்துகொண்டது. கடைசியில் பிரஷ்தான். திருவொற்றியூர் என்ஃபீல்டு தொழிற்சாலையில் நிஜ டேங்க்குகளுக்கும் அந்தக் கோட்டைக் கையாலேயே இழுத்துவந்தார்கள். அந்தக் கோட்டைப் பல வருஷம் இழுத்த அண்ணன் தம்பி கையை உலகமே வியந்திருக்கிறது.

"நைனாவுக்கு உளி வேணும், எனக்கு மவுஸ் வேணும். ரெண்டும் இல்லாங்காட்டி பொட்டி முடியாது" என்றார் மகள்.

இப்போது ராயபுரம் ஸ்டேஷனைத் தொடங்கியிருக்கிறார்கள். யாரும் கேட்டுச் செய்வதில்லை, பெரியவரின் சொந்த ஆசை. 1856-இல் தென்னிந்தியாவின் முதல் ரயில் வாலாஜா ரோட்டுக்குப் புறப்பட்ட இடம் அது. பம்பாயிலும் தானேயிலும் இருந்த முதல் கட்டடங்கள் இன்று இல்லை. துணைக்கண்டத்தில் மிஞ்சி நிற்பவற்றில் பழையது நம் ராயபுரம்தான். சென்ட்ரலைப் படமெடுக்கிற கூட்டத்தில் பாதியாவது இங்கே வந்து நிற்க வேண்டும். அதன் தூண்கள் உருண்டை. தூணைச் சுற்றி நூல் பிடித்து, வந்த நீளத்தை 3.14-ஆல் வகுத்து விட்டம் எடுத்தார் பெரியவர். மகள் ஐவரி போர்டில் நெருக்கமாக இணைக்கீறல்கள் போட்டுச் சுருட்டித் தூணாக்குகிறார். கீறல் இடைவெளி அதிகமானால் தூண் பட்டை பட்டையாகத் தெரியும், நெருங்கினால் அட்டை கிழியும். கிழியாத இடைவெளி எது என்று கண்டுபிடிக்க வீணான துண்டுகள் ஒரு கூடை நிறைய இருந்தன. எறியவில்லை. ஒவ்வொன்றின் பின்னாலும் பென்சிலில் அழுத்தமும் இடைவெளியும் எழுதியிருந்தது.

கூலிப் பேச்சில்தான் இருவர் முகமும் வாடியது. ரேடியம் கடையில் விலை சதுர அடிக் கணக்கு. மாடலுக்கு வருகிறவர்களும் அதே கணக்கைக் கேட்கிறார்கள். மிஷின்தானே வெட்டுது, இதுக்கா இவ்ளோ என்கிறார்கள். இயந்திரம் பெட்டியின் ஒரு பக்கத்தை வெட்டுவது சில நிமிஷம். அதைக் கோரல் ட்ராவில் வரைந்து, தடிப்பைக் கழித்து, எந்தக் கோடு வெட்டு, எந்தக் கோடு கீறல் என்று பிரிப்பதற்கு நாட்கள் போகின்றன. அந்த நாட்களுக்குக் காசு கொடுக்க மறுக்கிறவர்கள், பெரியவர் ஃபவுண்டரியில் கழித்த வாழ்நாளுக்கும் சேர்த்தே காசில்லை என்கிறார்கள். இது அநியாயம் என்று நான் அவர்களிடமே சொன்னேன்.

மகள் சமீப காலமாக பில்லில் இரண்டு வரி போடுகிறார். முதல் வரி வரைந்த கூலி, இரண்டாவது வெட்டுக் கூலி. இரண்டாவது வரியில் பேரம் பேசினால் கொஞ்சம் இறங்குகிறார். முதல் வரியில் ஒரு ரூபாய்கூடக் குறைப்பதில்லை. யார்டு மாடல் கேட்ட அலுவலகம் இரண்டு வரியையும் ஒப்புக்கொண்டு முன்பணம் கொடுத்திருக்கிறது.