டோனாவூர் அம்மாவின் காடு

திருநெல்வேலியில் நாங்குநேரிப் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏறியவுடன் வலது கைப் பக்கத்து ஜன்னலோரமாக ஓர் இடம் பிடித்துவிடுங்கள். காலை வேளையானால் வெயில் இடது பக்கத்துக்காரர்களுக்குத்தான். அதற்காக மட்டும் சொல்லவில்லை. வலது பக்கத்தில்தான் மலை இருக்கிறது.

முதலில் பனை மரங்கள் வரும். பிறகு மேற்கே திரும்பிக் களக்காடு, ஏர்வாடிப் பக்கம் நெருங்க நெருங்க, வாழைத் தோட்டமும் வயலும் குளமுமாகப் பூமி பச்சை கட்டிக்கொள்ளும். அப்போது பாருங்கள், மேற்குத் தொடர்ச்சி மலை எழுந்து நம்மை நோக்கி நடந்து வருவது போல் இருக்கும். தெற்கே மகேந்திரகிரி ஐயாயிரம் அடிக்கு மேல் நிமிர்ந்து நிற்கிறது. இன்று அதன் அடிவாரத்தில் ராக்கெட் என்ஜின்களை மூட்டிச் சோதிக்கிறார்கள். வடக்கே தெரிகிற காடுகள் 1988 முதல் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். பக்கத்தில் திருக்குறுங்குடி. அங்கே நம்பியைச் சேவிக்க வருகிறவர்கள் ஏராளம். அவர்களில் பலர் இரண்டொரு மைல் தள்ளியுள்ள இன்னோர் ஊரை எட்டிப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். நாம் பார்க்கப் போவது அந்த ஊரைத்தான்.

டோனாவூர்! பெயரைக் கேட்டால் தமிழ் போலவும் இருக்கிறது, தமிழ் இல்லாதது போலவும் இருக்கிறது. இரண்டும் வாஸ்தவம். டோனா என்பவர் ஜெர்மன் தேசத்துப் பிரபு ஒருவர். 1820-களில் பாளையங்கோட்டையில் மிஷன் வேலை செய்துவந்த ரேனியஸ் ஐயருக்குப் பணம் அனுப்பி உதவினார். அதில் எழும்பிய ஊருக்கு அவருடைய பெயரையே வைத்துவிட்டார்கள்.

ஆனால் இன்று உலகத்தின் பல மூலைகளில் இந்தச் சின்ன ஊரின் பெயர் தெரிந்திருப்பதற்குக் காரணம் அந்தப் பிரபு அல்ல. ஐரிஷ் தேசத்திலிருந்து வந்த ஒரு பெண்மணி. ஏமி கார்மைக்கேல் என்பது அவர் பெயர். 1867-ஆம் வருஷம் டிசம்பர் மாதம் மில்லைல் என்ற கடற்கரைக் கிராமத்தில் பிறந்தார். 1895-இல் பெங்களூரில் வந்து இறங்கினார். பிறகு 55 வருஷ காலம் ஒரு தடவைகூடத் தாய்நாட்டுக்குத் திரும்பவில்லை. நம்மில் எத்தனை பேர் தீபாவளிக்குப் பிறந்த வீடு போகாமல் இருப்போம்? யோசித்துப் பாருங்கள்.

இந்த அம்மாளுக்குச் சின்ன வயதிலிருந்தே ஒரு பழக்கம். கண்ணில் படுகிற எதையும் வெறுமே பார்த்துவிட்டுப் போகமாட்டார். ‘கடவுள் இதில் நமக்கு என்ன சொல்கிறார்?’ என்று நின்று கேட்பார். மூன்று வயதில், ‘எனக்கு நீலக் கண் வேண்டும்’ என்று ராத்திரி பிரார்த்தனை செய்துவிட்டுப் படுத்தாராம். காலையில் நாற்காலி மேல் ஏறிக் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண்! ஏமாற்றம் தாங்கவில்லை. பல வருஷம் கழித்துப் புடவை கட்டிக்கொண்டு, முகத்திலும் கையிலும் நிறம் பூசிக்கொண்டு, அயலார் போக முடியாத இடங்களில் கூட்டத்தோடு கூட்டமாக நுழைந்தபோது அந்தப் பழுப்புக் கண்தான் அவரைக் காட்டிக்கொடுக்காமல் காப்பாற்றியது. ‘இல்லை’ என்பதும் ஒரு பதில்தான் என்று அப்போது புரிந்ததாகச் சொல்வார்கள்.

எதற்கெடுத்தாலும் பாடம் கண்டுபிடிக்கிறவர்களோடு ஒரே வீட்டில் குடித்தனம் பண்ணுவது கொஞ்சம் சிரமந்தான். ரசம் பொங்கினால் அதற்கு ஓர் உபதேசம், பால் திரிந்தால் அதற்கு ஓர் உபதேசம் என்றால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்? ஆனால் கிறிஸ்தவ மதத்தில் இது புதிய வழக்கமல்ல. ஏசுநாதரே விதைக்கிறவனையும், மாவில் புளிப்பு வைக்கிற பெண்ணையும், காணாமற்போன காசுக்காக வீட்டைப் பெருக்கித் தேடுகிறவளையும் காட்டித்தானே போதித்தார்? நம் திருநெல்வேலியில் 1774-இல் பிறந்த வேதநாயக சாஸ்திரியார் ‘பெத்லகேம் குறவஞ்சி’ பாடியபோது, பறவை பிடிக்கிற சிங்கனையும் அவன் வலையையுமே வேத போதனைக்கு உருவகமாக்கிவிட்டார். ஏமி அம்மாள் வந்து இறங்கிய மண்ணுக்கு இந்தப் பாஷை ஏற்கெனவே தெரியும்.

முதலில் அவர் செய்த வேலை ஊர் சுற்றுவது. மாட்டு வண்டியில் ஏறிக்கொண்டு, சில தமிழ்ப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு, கிராமம் கிராமமாகப் போய்ப் பிரசங்கம் செய்தார். 1901-ஆம் வருஷம் மார்ச் மாதம் பண்ணைவிளையில் இருந்தபோது, கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதற்கென்று வைத்திருந்த ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி தப்பி ஓடி வந்து அவரிடம் அடைக்கலம் புகுந்தாள். அவளுக்குப் பின் இன்னொருத்தி, அப்புறம் கைக்குழந்தைகள். அந்த வருஷமே டோனாவூருக்கு வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார்.

இங்கே ஒன்று சொல்லியாக வேண்டும். நம் சமயத்தைப் பற்றியும் வழக்கங்களைப் பற்றியும் அவர் கடுமையாகவே எழுதியிருக்கிறார். படித்தால் சில பக்கங்கள் மனசுக்கு உறுத்தும். எல்லாவற்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் பொட்டுக் கட்டும் வழக்கத்தை ஒழிக்க டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி அவ்வளவு பாடுபட்ட பிறகும், 1947-இல்தான் சென்னை மாகாணத்தில் சட்டம் முழுமையாக வந்தது. அதற்கு நாற்பத்தாறு வருஷம் முன்னால் ஒரு குழந்தை வாசலில் வந்து நின்றால் என்ன செய்வது? அந்தக் கேள்விக்கு அவர் கொடுத்த பதிலில் குற்றம் காண எனக்கு மனம் வரவில்லை.

குழந்தைகள் பெருகியதும் அவருக்குள்ளே ஒரு பெரிய போராட்டம். பிள்ளை தாயின் காலைக் கட்டிப்போடும் என்று நம்மவர் சொல்வதை அவர் எழுதிவைத்திருக்கிறார். பிரசங்கம் செய்ய வந்தவள் பாலாடையும் கையுமாக ஆயா வேலை பார்ப்பதா? அதற்காகவா கடல் கடந்து வந்தேன்? வாசகியரே, படித்துப் பட்டம் வாங்கிவிட்டு, அடுப்படியில் நின்றுகொண்டு இதே கேள்வியைத் தமக்குள்ளே கேட்டுக்கொண்டவர்கள் உங்களில் எத்தனை பேர்! அவருக்குக் கிடைத்த விடை எந்தப் பெரிய வேதாந்த நூலிலும் இல்லை. ஒரு துண்டிலும் ஒரு பாத்திரத் தண்ணீரிலும் இருந்தது. கடைசி இரவில் ஏசுநாதர் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு சீஷர்களின் காலைக் கழுவினாரே, அவர் எந்த வேலை பெரியது, எது சின்னது என்று கணக்குப் பார்த்தாரா என்று அம்மாளுக்குத் தோன்றியது. அதன்பின் குழந்தைக்குக் குளிப்பாட்டுவதையும் பிரார்த்தனை செய்வதையும் அவர் இரண்டாகப் பிரிக்கவில்லை.

1916-இல் ஏழு பெண்களைச் சேர்த்து ஒரு சிறு குழு அமைத்தார். ‘பொது வாழ்வின் சகோதரிகள்’ என்று அதற்குப் பெயர். பல நூற்றாண்டுகளுக்கு முன் ஹாலந்து தேசத்தில் இதே மாதிரிப் பெயருள்ள ஒரு சகோதரக் கூட்டம் இருந்தது. அவர்களிடமிருந்து எடுத்த பெயர்.

அந்தக் குழந்தைகளுக்குப் பாடம் நடத்திய விதம்தான் அழகு. ஒரு நாள் தட்டாரிடம் அழைத்துப் போனார். தட்டார் கரி நெருப்பின் முன் உட்கார்ந்திருக்கிறார். வளைந்த ஓடு ஒன்றில் உப்பு, புளி, சுட்ட செங்கல் பொடி மூன்றையும் கலந்து வைத்து, நடுவில் தங்கத்தைப் புதைத்திருக்கிறார். பார்த்தீர்களா, எல்லாம் நம் சமையலறையில் கிடைக்கிற சாமான்கள்! உப்புக்குத் தங்கத்தில் கலந்திருக்கிற வெள்ளியைப் பற்றி இழுக்கும் குணம் உண்டு. செங்கல் பொடி அந்த அழுக்கை உறிஞ்சிக்கொள்ளும். தங்கம் மட்டும் அப்படியே நிற்கும். தட்டார் அதை எடுத்துப் பார்ப்பார், மறுபடி நெருப்பில் வைப்பார், மறுபடி எடுப்பார். ஒவ்வொரு தடவையும் சூடு முன்னைவிட அதிகம். ‘சுத்தமாகிவிட்டது என்று எப்படித் தெரியும்?’ என்று கேட்டார்கள். ‘என் முகம் அதில் தெரியும்போது’ என்றார் தட்டார். அவர் வேத புத்தகம் படித்தவரோ என்னவோ, தெரியாது. குழந்தைகளுக்கு அதற்கு மேல் ஒரு வார்த்தை விளக்கம் தேவைப்பட்டிருக்காது.

இனிக் காட்டுக்கு வருவோம். திருநெல்வேலிக் கோடை எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டுமா? அந்நாள் துரைமார்களும் துரைசானிகளும் ஏப்ரல் பிறந்தால் உதகைக்கும் கோடைக்கானலுக்கும் ஏறிவிடுவார்கள். இத்தனை குழந்தைகளையும் மூட்டை கட்டிக்கொண்டு அவ்வளவு தூரம் போவது நடக்கிற காரியமா? 1917-இல் பக்கத்து மலையிலேயே, பள்ளத்தாக்கு ஒன்றில், கொஞ்சம் காட்டு நிலம் விலைக்கு வந்தது. வாங்கினார். ‘கிரே ஜங்கிள்’ என்று பெயரிட்டார். அங்கே ஒரு வீடு எழும்பியது. மரங்கள், பாறைகள், பாறைக்கு இடையில் ஓடுகிற ஆறு, அதில் நீந்துவதற்கு வாகான ஒரு தடாகம். ஐரிஷ் கடற்கரையில் வளர்ந்தவரல்லவா? தண்ணீரைக் கண்டால் அவருக்கு வயசு மறந்துபோகும். பெண் பிள்ளை மரம் ஏறினாலே ஊர் கூடிப் பேசுகிற காலத்தில், இந்தச் சிறுமிகள் குதித்து நீந்தினார்கள், மலை ஏறினார்கள். காட்டு வாழ்க்கையைப் பற்றியே 1920-இல் ஒரு புத்தகம் எழுதினார் அம்மாள்.

இவ்வளவும் கால் நன்றாக நடக்கிற காலத்துப் பாடங்கள். ஆரோக்கியமாக இருக்கும்போது அருவியில் கடவுளைப் பார்ப்பது அப்படி ஒன்றும் பெரிய காரியமில்லை என்று நீங்கள் சொல்லலாம். எனக்கும் அந்த எண்ணம் உண்டு.

1931-ஆம் வருஷம் அக்டோபர் 24-ஆம் தேதி. அன்று காலை, ‘உமக்கு இன்னும் நன்றாக ஊழியம் செய்ய உதவுமானால் என்னை எது வேண்டுமானாலும் செய்யும்’ என்ற கருத்தில் பிரார்த்தனை செய்தாராம். சாயங்காலம் களக்காட்டில் மருந்தகத்துக்காக வாடகைக்கு எடுத்த வீட்டைப் பார்க்கப் போனார். சாவி வர நேரமாகிவிட்டது. உள்ளே போகும்போது மங்கலான நேரம். கழிப்பறைக்காகப் புதிதாகத் தோண்டியிருந்த குழி அவர் கண்ணுக்குத் தெரியவில்லை. விழுந்தார். காலெலும்பு முறிந்தது, கணுக்கால் பிசகியது, முதுகெலும்பும் அடிபட்டது. அப்போது அவருக்கு 63 வயது. சில வாரங்களில் எழுந்துவிடுவார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். மீதி இருந்த சுமார் இருபது வருஷத்தையும் பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே கழித்தார்.

மலை அங்கேயேதான் இருந்தது. தடாகமும் இருந்தது. குழந்தைகள் போனார்கள், வந்தார்கள். அவரால் போக முடியவில்லை.

நோயாகப் படுத்தால் நம் வீட்டில் என்ன நடக்கும்? வருகிறவர்கள் எல்லோரும் புத்தி சொல்லிவிட்டுப் போவார்கள். அவருக்கும் அப்படி அன்பான சிறு புத்தகங்கள் வந்து குவிந்தன. படித்துப் பார்த்தார். ஒன்றும் மனசில் ஒட்டவில்லை. என்ன காரணம் என்று யோசித்தார். அவையெல்லாம் சுகமாக இருப்பவர்கள் நோயாளிக்கு எழுதியவை! நோயாளி நோயாளிக்கு எழுத வேண்டாமா? அப்படித்தான் தம்மைப் போல் படுத்திருந்தவர்களுக்குக் கடிதங்கள் எழுத ஆரம்பித்தார். அவை 1933-இல் ‘ரோஸ் ஃபிரம் பிரையர்’ என்ற புத்தகமாயின. முள்ளில் பூத்த ரோஜா என்று சொல்லலாம். வலி இல்லை என்று அதில் அவர் நடிக்கவில்லை. தூக்கம் வராத இரவுகளையும் சலிப்பையும் உள்ளபடி எழுதியிருக்கிறார். அதனால்தான் இன்னும் படிக்கிறார்கள். 1938-இல் மரங்களும் மலைகளும் உள்ள போட்டோப் படங்களைக் கொண்டு சின்னச் சின்ன உருவகக் கதைகளாக ஒரு நூல் வந்தது. காட்டுக்குப் போக முடியாதவர் காட்டைப் படுக்கைக்கு வரவழைத்துவிட்டார்! படுத்தபடியே எழுதிய புத்தகங்கள் பத்துக்கு மேல் இருக்கும்.

இன்று போனால் என்ன பார்க்கலாம் என்று கேட்பீர்கள். இது உல்லாச யாத்திரை ஸ்தலம் அல்ல. மனிதர்கள் வாழ்கிற, வேலை செய்கிற இடம். முன்கூட்டி அனுமதி கேட்டுக்கொண்டு, சத்தமில்லாமல் போய் வாருங்கள். சிவப்பு ஓடு வேய்ந்த கட்டிடங்கள், நிழல் மரங்கள், கோபுரத்தோடு கூடிய ஜெப வீடு, ‘பரம சுக சாலை’ என்று அழகிய தமிழ்ப் பெயர் சூட்டிய ஆஸ்பத்திரி, எல்லாவற்றுக்கும் பின்னால் அந்த மலை.

அம்மாள் 1951 ஜனவரி 18-ஆம் தேதி காலமானார். தமக்குக் கல்லறைக் கல் வைக்கக் கூடாது என்று சொல்லியிருந்தார். அவர் வளர்த்த பிள்ளைகள் சொன்ன சொல்லைத் தட்டவும் மனமில்லாமல், வெறுமே விடவும் மனமில்லாமல் ஒரு காரியம் செய்தார்கள். தோட்டத்து மரங்களின் கீழே அவரை அடக்கம் செய்த இடத்தில், பறவைகள் நீர் குடிக்கவும் குளிக்கவும் ஒரு கல் தொட்டி வைத்தார்கள். பிறந்த வருஷம், இறந்த வருஷம், செய்த காரியங்களின் ஜாபிதா எதுவும் அதில் கிடையாது. தாய் என்று பொருள்படும் ஒரே ஒரு தமிழ்ச் சொல் மட்டும் இருக்கிறது. மத்தியான வெயிலில் போகாமல் காலை வேளையில் போனீர்களானால், குருவிகள் அதில் இறங்கிச் சிறகடித்துக் குளிப்பதைக் கொஞ்ச நேரம் நின்று பார்க்கலாம்.