காக்க வராத மக்கள்

ரோம்! அந்தப் பெயரைக் கேட்ட மாத்திரத்தில் நெஞ்சு நிமிரும் வயது ஒன்று நமக்கும் இருந்தது. சீசரின் வாள், சிசரோவின் நா, செனட் சபையின் செம்மாப்பு, சலவைக்கல் தூண்கள், சரம்சரமாய்ச் சாலைகள்: இவற்றை ஏட்டிலே படித்து, எண்ணி எண்ணிக் களித்து, மேடை கிடைத்தபோதெல்லாம் முழங்கியும் வந்தோம்.

அப்படியொரு மேடை, நமதூர்ப் படிப்பகத்தின் ஆண்டு விழாவில் கிடைத்தது. ஒரு மணி நேரம் பேசினோம். கைதட்டல் கிடைத்தது. பூரிப்போடு மேடையை விட்டு இறங்கினோம். முன்வரிசையில் அமர்ந்திருந்த நெசவாளப் பெரியவர் ஒருவர், மேல்துண்டைத் தோளில் சரிசெய்தபடி அருகே வந்தார்.

"தம்பி! நல்லாப் பேசினே. ஒரே ஒரு சந்தேகம். அவ்வளவு பெரிய ராச்சியம்னு சொன்னே. எதிரி வந்து வாசல்லே நின்னப்போ, அந்த ஊரு சனங்க என்ன செஞ்சாங்க?"

திகைத்தோம்! சீசரின் உடலிலே 23 குத்துக் காயங்கள் என்பது தெரியும் நமக்கு. ரோமாபுரியின் சாமான்யன் என்ன செய்தான் என்பது தெரியாது. படித்துவிட்டுச் சொல்வதாகக் கூறினோம். சிரித்துக்கொண்டே போனார் பெரியவர். கைதட்டல் தந்த போதை அந்தச் சிரிப்பிலே கலைந்தது.

மறுநாளே ஏடுகளைப் புரட்டலானோம், இம்முறை வேந்தர்களை விட்டுவிட்டு, வீதியிலே நின்றவனைத் தேடி.

எதிரி ரோமை நெருக்கிய நாட்கள் பல. அவற்றிலே இரண்டை எடுத்துக்கொள்வோம். முதலாவது, கி.மு. 216. கார்த்தேஜ் நாட்டுத் தளபதி ஹானிபால், கன்னே எனும் களத்திலே ரோமப் படையைச் சுற்றி வளைத்து நொறுக்கினான். ஒரே நாளில் ஏறத்தாழ 50,000 பேர் மாண்டனர். வீடுதோறும் அழுகுரல்! எனினும் பணிந்ததா ரோம்? இல்லை. சமாதானம் பேச வந்த தூதனை நகருக்குள்ளேயே விடவில்லை. ஏர் பிடித்த உழவர்கள் வாள் பிடிக்க வந்தவண்ணம் இருந்தனர். நிலம் அவர்களுடையது, வாக்குரிமை அவர்களுக்கு இருந்தது.

அதே ஆண்டிலே நடந்த இன்னொன்றையும் கேளுங்கள். ஆள் போதாமல், 8,000 அடிமைகளை அரசே விலை கொடுத்து வாங்கிற்று. படையிலே சேரச் சம்மதமா என ஒவ்வொருவரையும் கேட்ட பிறகே ஆயுதம் தந்தது. இரண்டாண்டு கழித்து பெனவெந்தம் களத்திலே அவர்கள் வென்றனர், விடுதலையும் பெற்றனர். விடுதலை கிடைக்கும் என்றால், அடிமையும் அந்நாட்டுக்காக உயிரைத் தரச் சித்தமாக இருந்தான்!

அந்த ரோமும் மாசற்றதன்று. தெய்வ கோபம் தீர வேண்டுமென்று, 'புனித' ஏடுகளைப் புரட்டிப் பார்த்து, நான்கு அயலாரை உயிரோடு புதைத்த மடமையும் அவ்வாண்டிலேதான் நடந்தது. ஆனால் போரை வென்று தந்தது புதைகுழியன்று, உழவனின் புயவலி!

அந்த உழவனுக்கு என்ன பரிசு கிடைத்தது? ஆண்டுக்கணக்கில் களத்திலே கிடந்து திரும்பியவன், தன் வயல் தரிசாகிக் கிடக்கக் கண்டான், கடனிலே மூழ்கினான், விற்றான். வாங்கியவன் சீமான். அவனுடைய பண்ணையிலே உழைக்க, போரிலே பிடிபட்ட அடிமைகள் மந்தை மந்தையாக வந்தனர். வென்றவன் நிலமிழந்தான், தோற்றவன் விலங்கு பூண்டான், இருவர் இழப்பிலும் கொழுத்தவன் ஒருவன்!

இதைத் தடுக்க எழுந்தான் திபேரியஸ் கிராக்கஸ். கி.மு. 133இல், பொது நிலத்தை ஒருவர் 500 யூகெராவுக்கு மேல், அதாவது நம் கணக்கில் ஏறத்தாழ 300 ஏக்கருக்கு மேல், வைத்திருத்தலாகாது, மிச்சத்தை ஏழைகளுக்குப் பங்கிட வேண்டும் என்று சட்டம் கொண்டுவந்தான். சீறிற்று செனட். பெஞ்சுகளின் கால்களை ஒடித்து எடுத்துக்கொண்டு பாய்ந்தனர் கனவான்கள். அந்தக் கூட்டத்தை முன்னின்று நடத்திய நாசிகா யார் தெரியுமா? ரோமின் தலைமைப் பூசாரி! திபேரியசும் அவனைச் சேர்ந்த ஏறத்தாழ 300 பேரும் அடித்துக் கொல்லப்பட்டனர். உடல்கள் டைபர் ஆற்றிலே வீசப்பட்டன. தம்பி காயஸ் அதே பாதையில் நடந்தான், கி.மு. 121இல் அவனும் அழிந்தான்.

கி.மு. 73இல் ஸ்பார்ட்டகஸ் எழுப்பிய அடிமைப் புரட்சி ஈராண்டு ரோமை உலுக்கி, பின்னர் முறியடிக்கப்பட்டது. கப்புவா முதல் ரோம் வரை, சாலை நெடுகிலும் 6,000 சிலுவைகள். சிலுவைக்கு ஒரு மனிதன். மேடையிலே நாம் மெச்சிப் பேசிய ஆப்பியன் சாலை அதுதான்!

பிறகு சக்கரவர்த்திகள் வந்தனர். ஏழைக்கு நிலம் தரவில்லை. இலவசத் தானியம் தந்தனர். உரிமை தரவில்லை, காட்சி தந்தனர். கி.பி. 80இல் கொலோசியம் திறக்கப்பட்டபோது 100 நாள் கேளிக்கை! மனிதன் மனிதனைக் குத்திச் சாய்ப்பது காட்சி. அதற்குக் கரகோஷம்.

ஆயினும் மக்கள் மனம் அடியோடு மரத்துவிடவில்லை. கி.பி. 61இல் நகர அதிபதி பெதானியஸ், தன் அடிமை ஒருவனால் கொல்லப்பட்டான். ஒருவன் செய்த குற்றத்துக்கு அவ்வீட்டு அடிமைகள் 400 பேரும், பெண்டு பிள்ளைகள் உள்பட, சாக வேண்டும் என்றது பழைய வழக்கம். தகாது என்று கொதித்தனர் வீதி மக்கள். கல்லும் தீவட்டியும் ஏந்தித் திரண்டனர். செனட்டிலே காஸியஸ் எனும் சட்ட மேதை எழுந்தார். முன்னோர் வகுத்த முறையை மாற்றலாகாது என்று வாதாடினார். வென்றது முன்னோர் முறை! சாலையின் இருமருங்கிலும் படையை நிறுத்தினான் நீரோ. 400 பேரும் கொல்லப்பட்டனர்.

ரோமிலே நல்லன இல்லையா? உண்டு. விடுதலை பெற்ற அடிமை குடிமகனாக முடிந்தது. மூடநம்பிக்கையைச் சாடிய லுக்ரீஷியஸ் அங்கேதான் பாடினார். கி.பி. 212இல், பேரரசில் வாழ்ந்த அடிமையல்லாதார் ஏறக்குறைய அனைவருக்கும் குடியுரிமை வந்தது. ஆனால் அதற்குள் சட்டம் மக்களை மேன்மக்கள், கீழ்மக்கள் என இரு கூறாக்கிவிட்டது. ஒரே குற்றத்துக்கு மேலவனுக்கு நாடுகடத்தல். கீழவனுக்குச் சுரங்கம், சிலுவை, விலங்குக்கு இரை! பின்னர், ரொட்டி சுடுபவன் மகன் ரொட்டியே சுட வேண்டும், படைவீரன் மகன் படைக்கே போக வேண்டும் என்று பிறப்போடு தொழிலைப் பிணைத்தனர். குத்தகை உழவன் மண்ணோடு கட்டப்பட்டான். ஓட நினைப்பவனுக்கு விலங்கு பூட்டலாம் என்று கி.பி. 332இல் ஆணையிட்டான் கான்ஸ்டன்டைன்.

இனி, இரண்டாவது நாள். கி.பி. 408இல் கோத்தியர் தலைவன் அலாரிக் ரோமை முற்றுகையிட்டான். பசி நகரை வாட்டிற்று. 5,000 ராத்தல் பொன், 30,000 ராத்தல் வெள்ளி, 4,000 பட்டாடை, 3,000 ராத்தல் மிளகு என விலை பேசி அவனை விலக்கினர். மிளகு! நம் மேற்குக் கடற்கரை மலைச்சாரலின் பயிர், ரோமின் உயிருக்கு ஈடாக நிறுக்கப்பட்டது.

அப்போது மக்கள் என்ன செய்தனர்? வரலாற்றாசிரியர் சோசிமஸ் எழுதி வைத்திருக்கிறார்: நகரத்து அடிமைகளில் ஏறக்குறைய அனைவரும் நாள்தோறும் வெளியேறி, அலாரிக்கிடம் போய்ச் சேர்ந்தனர். அவன் கூட்டம் 40,000 ஆகப் பெருகிற்று. கன்னேக்குப் பின் ரோமுக்காக வாளேந்தினர் 8,000 அடிமைகள். 600 ஆண்டு கழித்து, அதே ரோமை விட்டு எதிரியின் பாசறைக்கு நடந்தனர் அடிமைகள்! கி.பி. 410இல் நகரம் மூன்று நாள் சூறையாடப்பட்டது. 476இல், ரோமுலஸ் எனும் சிறுவனை அரியணையிலிருந்து இறக்கினான் ஒடோவக்கர். மேற்குப் பேரரசின் கதை முடிந்தது.

கொள்ளைநோய், உள்நாட்டுப் போர், மதிப்பிழந்த நாணயம், வடக்கே ஹூணர் தந்த நெருக்கடி என வேறு காரணங்களும் உண்டு. மறுக்கவில்லை நாம். ஆனால் அன்றைய அறிவாளர் என்ன செய்தனர்? பழைய தெய்வங்களைக் கைவிட்டதால் வந்த கேடு என்றனர் ஒரு சாரார். அதனை மறுத்துப் பெருநூல் எழுதினார் அகஸ்டின். இரு சாராரும் வானத்தை நோக்கினர். நகர வாயிலிலே பதிந்து கிடந்த அடிமையின் காலடிச் சுவட்டைக் குனிந்து பார்த்தாரில்லை!

சில திங்கள் கழித்து, பெரியவரைத் தேடிச் சென்றோம். தறியிலே இருந்தார். சொன்னோம் எல்லாவற்றையும். நாடாவை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் ஒரு கணம் கை நின்றது.

"அப்போ அந்த ஊரு அவங்களோடது இல்லே, தம்பி. யாருதோ ஊரு. போனாப் போவுதுன்னு விட்டுட்டாங்க."

மீண்டும் ஓடிற்று நாடா. நாம் ஒரு மணி நேரம் முழங்கியும் சொல்லாமல் விட்டதை, ஒரே மூச்சில் சொல்லிவிட்டார் அவர்.

இளைஞர்களே! அதன் பிறகும் மேடைகள் பல ஏறியிருக்கிறோம். எந்தப் பேரரசின் பெருமையைப் பேச வாய் திறந்தாலும், முன்வரிசையில் அந்தப் பெரியவர் அமர்ந்திருப்பதாகவே தோன்றுகிறது. அவருக்கு விடை சொல்ல முடியாத பெருமையை நாம் பேசுவதில்லை.