மைசூர்ப் பருப்பின் ஊர்

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டு அடுப்பில் நாள்தோறும் அவிந்த பருப்புக்கு மைசூர்ப் பருப்பு என்று பெயர். அது மைசூரில்தான் விளைகிறது என்று நெடுங்காலம் நம்பியிருந்தேன். போரால் இடம்பெயர்ந்த காலத்தில் அரிசி, மா, சீனியோடு நிவாரணமாக வந்ததும் அதே பருப்புத்தான். அது விளையும் மண்ணை ஐம்பது வயது கடந்த பிறகே கண்டேன். கனடாவின் சஸ்காச்சுவான் மாகாணத்தில், ஓகஸ்ட் மாதக் கடைசியில்.

ரெஜைனா நகரிலிருந்து மேற்கே மூஸ் ஜோவைத் தாண்டிக் கார் ஓடிற்று. இந்த மாகாணத்துக்குள் கிட்டத்தட்டப் பத்து இலங்கைகள் அடங்கும். இருப்பவர்களோ ஏறக்குறைய 12 இலட்சம் பேர்தான். மரமில்லாத வெளி. அதன் விளிம்பில் தானியக் களஞ்சியம் ஒன்று கோயில் கோபுரம்போலத் தெரிந்தது. அதை நெருங்க அரைமணி நேரம் எடுத்தது. எந்தப் பக்கமும் கடல் இல்லை. வான்கூவர் துறைமுகத்துக்கு மலைத்தொடர்களைக் கடந்து 1,500 கிலோமீட்டருக்கு மேல் போகவேண்டும். இங்கிருந்து கொழும்புக்கு எப்படித்தான் பருப்பு வருகிறது என்று மலைத்துப்போனேன்.

எங்களை வரவேற்ற கமக்காரருக்கு எழுபது வயதிருக்கும். வயலுக்குள் கூட்டிப்போய்க் குனியச் சொன்னார். முழங்கால் உயரம்கூட இல்லாத, காய்ந்து பழுப்பேறிய செடி. நகத்தளவு நெற்று, உள்ளே இரண்டே மணிகள். உள்ளங்கையில் வைத்து அழுத்தித் தேய்த்தேன். சாம்பல் கலந்த தோல் உரிந்து, அந்தப் பழைய செம்மஞ்சள் நிறம் வெளியே வந்தது. தொண்டை அடைத்தது.

"என் அப்பா காலத்தில் இதெல்லாம் இல்லை, கோதுமைதான்" என்றார் அவர். அறுபதுகளின் முடிவில் விற்கமுடியாத கோதுமை மலையாகக் குவிந்தது. கோதுமைப் பரப்பைக் குறைக்கச் சொல்லி, 1970 இல் மத்திய அரசே கமக்காரர்களுக்குப் பணம் கொடுத்தது. அடுத்த ஆண்டு மாகாண அரசும் சஸ்காச்சுவான் பல்கலைக்கழகமும் தேசிய ஆய்வு மன்றமும் சேர்ந்து பயிர் மேம்பாட்டு மையத்தைத் தொடங்கின. 1972 இல் அங்கே வந்து சேர்ந்த அல் ஸ்லிங்கார்ட் என்ற பயிர் விஞ்ஞானி, இந்தக் குளிர்மண்ணுக்கேற்ற லெயார்ட் என்ற பருப்பு இனத்தை 1978 இல் வெளியிட்டார். அது பச்சைப் பருப்பு. நமது சிவப்பு இனங்கள் அதன் பின்னே பெருகின. தரிசாகப் போடும் நிலத்தில் பருப்பு விதைத்தால் காசும் கிடைக்கும், வேர் முடிச்சுகள் மண்ணில் தழைச்சத்தையும் சேர்க்கும். இன்று உலகில் மிக அதிகமாக இந்தப் பருப்பை ஏற்றுமதி செய்யும் நாடு கனடா. அதில் பெரும்பங்கு இந்த ஒரு மாகாணத்து விளைச்சல்.

விளைந்தால் போதுமா? துறைமுகம் போய்ச் சேரவேண்டுமே. தானியம் ஏற்றும் கட்டணம் 1897 ஆம் ஆண்டு உடன்பாட்டின்படி கட்டுப்பட்டிருந்ததால், எழுபதுகளில் ரெயில் கம்பனிகள் அதற்குப் புதிய பெட்டிகள் வாங்க முன்வரவில்லை. மத்திய அரசு வாங்கியது. மாகாண அரசும் 1979 இல் தனியாக ஒரு நிறுவனம் அமைத்து, ஆயிரம் பெட்டிகளை வாங்கித் தண்டவாளத்தில் விட்டது. ஒரு பெட்டியில் ஏறக்குறைய 90 தொன் கொள்ளும். அடிப்பாகம் புனல்போல ஒடுங்கியிருக்கும். கதவைத் திறந்தால் தானியம் தானாகக் கொட்டும். அந்த நிறுவனத்தை 2017 இல் கலைத்துவிட்டார்கள். ஆனால் களஞ்சியத்தின் பக்கத்தில் நின்ற ஒரு பெட்டியில் மாகாணத்தின் பெயரை நானே வாசித்தேன். கமக்காரன் உழைப்பு கடல் காணாமல் கிடந்துவிடக்கூடாது என்று கடலே இல்லாத ஓர் அரசு பட்ட கவலை அது. கையெடுத்துக் கும்பிடத் தோன்றியது.

கும்பிட்டுவிட்டு ஓய்ந்திருக்க முடியாது என்பதையும் அந்தக் கமக்காரரே சொன்னார். 2017 டிசம்பரில் இந்தியா பருப்புக்கு 30 சதவீத இறக்குமதி வரி போட்டபோது இங்கே விலை சரிந்தது. தன் நாட்டுக் கமக்காரனைக் காப்பது அந்த அரசின் கடமை. அதன் வலி இந்த வயலில் விழுந்தது. 2021 இல் சஸ்காச்சுவான் புதுடில்லியில் தன் வணிக அலுவலகத்தைத் திறந்தது. "உங்கள் பக்கம் மழை எப்படி?" என்று அவர் என்னிடம் கேட்டது ஒப்புக்கல்ல. அங்கே மழை பெய்து பருப்பு நன்றாக விளைந்தால் இங்கிருந்து வாங்குவது குறையும். அந்த மழையில் அவருடைய அடுத்த ஆண்டு இருக்கிறது.

புறப்படும்போது முற்றத்தில் கிடந்த பெரிய இரும்பு உருளையைக் காட்டினார். வசந்தத்தில் விதைத்ததும் வயல் முழுவதும் இதை உருட்டிக் கற்களை மண்ணுக்குள் அழுத்துவார்களாம். நெற்று நிலத்தோடு ஒட்டிக் காய்ப்பதால், வெட்டும்போது கல்லும் சேர்ந்து வந்துவிடும்.

எனக்கு அம்மா நினைவுக்கு வந்தார். நிவாரணப் பருப்பைச் சுளகில் பரப்பி, வெளிச்சத்துக்குத் திருப்பி, ஒவ்வொரு கல்லாகப் பொறுக்குவார். "பிள்ளைகளின் பல்லில் கல் கடிபடக்கூடாது" என்பார். அதைக் கமக்காரரிடம் சொன்னேன். வெகுநேரம் உருளையில் கைவைத்தபடி நின்றார். பிறகு, "அடுத்த முறை இன்னும் கவனமாக உருட்டுகிறேன்" என்றார்.