கோலத்துக்குப் போன ஆண் பூ

மார்கழி பிறந்துவிட்டால், கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் அந்த வீட்டு வாசலில் தினமும் பெரிய கோலம்தான். நடுவில் சாணி உருண்டைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு மஞ்சள் பரங்கிப்பூ. எல்லாம் கொல்லைக் கொடியில் பூத்தவை. மாமியார் இருட்டோடு டார்ச் எடுத்துக்கொண்டு போய், அடியில் பிஞ்சு இல்லாத பூக்களாகப் பார்த்துப் பறித்து வருவார்.

"பிஞ்சு இருக்கறது காய்க்கிற பூ, அதைத் தொடக் கூடாது. இதெல்லாம் வெத்துப் பூதானே" என்பார்.

ஆனால், இந்த வருடம் கொடியில் ஒரு காய்கூட நிற்கவில்லை. வந்த பிஞ்செல்லாம் மஞ்சளாகிச் சுருங்கி உதிர்ந்தது.

"எத்தனை பூத்து என்ன, ஒண்ணும் தங்க மாட்டேங்குதே!"

மாமியார் சொன்னது கொடியைத்தான். அடுப்படியில் நின்ற மருமகளுக்குச் சுருக்கென்றது. கல்யாணமாகி ஐந்து வருடம். ஸ்கேன், ரத்தப் பரிசோதனை, விரதம் எல்லாம் அவளுக்கு மட்டும்தான். கணவரையும் ஒரு டெஸ்ட்டுக்கு வரச் சொல்லியிருந்தார் டாக்டர். "எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்" என்று எட்டு மாதமாகத் தள்ளிப்போட்டுக்கொண்டிருந்தார் அவர்.

சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிக்கும் நாத்தனார், லீவுக்கு வந்திருந்தாள். வாசல் கோலத்தைப் பார்த்ததும் சிரித்துவிட்டாள்.

"அம்மா, நீ பறிச்சது பூரா ஆண் பூ. மகரந்தத்தை எல்லாம் வாசல்ல வெச்சுட்டு, காய் தங்கலைன்னு கொடியைத் திட்டுறியே!"

"வண்டு தொடறதுக்கு முன்னாடி பறிக்கணும்டி. சிதம்பரத்துல புலிக்கால் முனிவர் அதுக்குத்தானே புலிக்கால் வரம் கேட்டார்?"

"சாமிக்கு அது சரிம்மா. காய்க்கு வண்டு தொட்டே ஆகணும்."

காபி டம்ளரோடு திண்ணையில் உட்கார்ந்து அவள் விளக்க ஆரம்பித்தாள். பரங்கியின் மகரந்தத் தூள் பெரியது, முள்ளும் பிசுபிசுப்பும் உள்ளது. காற்றில் பறக்காது, தேனீதான் சுமக்க வேண்டும். பூ விடியற்காலையில் விரியும், மதியத்துக்குள் வாடிவிடும். அந்தச் சில மணி நேரத்துக்குள் ஆண் பூவின் தூள் பெண் பூவுக்குப் போய்ச் சேராவிட்டால் பிஞ்சு உதிர்ந்துவிடும்.

பாசியும் பெரணியும் இன்றைக்கும் தண்ணீரை நம்பித்தான் இருக்கின்றன. அவற்றின் ஆண் அணு, ஈரத்தில் நீந்திப் போய்தான் பெண் அணுவை அடைய வேண்டும். பரிணாமத்தில் பின்னால் வந்த விதைத் தாவரங்கள், ஆண் அணுவை ஒரு கெட்டி ஓட்டுக்குள் வைத்து அனுப்பக் கற்றுக்கொண்டன. அதுதான் மகரந்தம். அவற்றில் பழைய வகைகளான சைகஸிலும் ஜின்கோவிலும் ஆண் அணு கடைசிச் சிறு தூரத்தை இன்னும் நீந்தித்தான் கடக்கிறது. 1896-ல் ஜப்பானில் இதைக் கண்டுபிடித்தார்கள்.

பூக்கும் செடிகளுக்கு நீச்சலே வேண்டாம். சூல்முடியில் ஒட்டிய மகரந்தம் ஒரு மெல்லிய குழாயை வளர்த்து, இரண்டு ஆண் அணுக்களைச் சூலுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. ஒன்று கருவை உண்டாக்கும், மற்றது கருவுக்கான உணவை. நாவாஷின் என்ற விஞ்ஞானி இதை 1898-ல் கண்டறிந்தார். நாம் சாப்பிடும் சோறும் தேங்காயும் அந்த இரண்டாவது அணுவால் உண்டானவைதான்.

"சிதம்பரத்துக்கே பேர் கொடுத்த தில்லை மரம் இப்போ பிச்சாவரத்துலதான் நிறைய இருக்கு. அதுல ஆண் மரம் தனி, பெண் மரம் தனி, நம்ம பனை மாதிரி. ஆண் மரம் காய்க்காதுதான். ஆனா எல்லா ஆண் மரத்தையும் வெட்டிட்டா, பெண் மரத்துலயும் காய் இருக்காது. அப்போ குறையைப் பெண் மரத்து மேல போடலாமா?"

யாரும் பதில் சொல்லவில்லை. பேப்பரை விரித்திருந்த அண்ணன் பக்கம் திருப்பவில்லை.

"மனுஷங்களுக்கும் அப்படித்தான் அண்ணா. குழந்தை இல்லாத தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேருக்கு ஆண் பக்கத்துக் காரணமும் இருக்கு. வெளியில பார்த்தா தெரியாது. ஒரு டெஸ்ட்ல தெரிஞ்சுடும்."

மறுநாள் காலை ஏழு மணிக்குத் தங்கை சொல்லித்தர, அண்ணனே ஒரு ஆண் பூவைப் பறித்தார். இதழ்களைக் கிள்ளிவிட்டு, நடுத்தண்டைப் பெண் பூவின் நடுவில் மெதுவாகத் தடவினார். விரல் நுனியில் மஞ்சள் தூள் ஒட்டியிருந்தது. அதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார்.

ஒரு வாரத்தில் அந்தப் பிஞ்சு கைப்பிடி அளவுக்குப் பருத்தது. மாமியார் தினமும் இரண்டு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வாசல் கோலத்தில் இப்போது செம்பருத்தி.

அன்று இரவு சாப்பிட்டு முடித்துக் கை கழுவிக்கொண்டே கணவர் சொன்னார்: "திங்கக்கிழமை லீவு சொல்லியிருக்கேன். அந்த டெஸ்ட்டுக்குப் போயிட்டு வந்துடலாம். நீயும் வா."

மருமகள் தலையை மட்டும் ஆட்டினாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த மாமியார் குரல் கொடுத்தார்:

"வெறும் வயித்தோட போகணுமான்னு கேட்டுக்கோங்க. நான் காலையில சீக்கிரம் எந்திரிச்சு டிபன் பண்ணிடறேன்."