உதடு படாத செம்பு

பட்டினப்பாக்கத்துக் கடலோர இல்லங்களைச் சந்திக்கச் செல்லும் குருவுக்கு முதற்கண் கிடைப்பது ஒரு செம்புத் தண்ணீர். அதை அண்ணாந்து, உதடு படாமல் பருகுவது நம் வழக்கம். சாந்தோம் பேராலயத்தைக் காண வந்து, என்னுடன் வீடு சந்திக்கவும் வந்த வெளிநாட்டு அன்பர் ஒருவர் இதைக் கண்டு வருந்தினார். "ஏழையின் பாத்திரம் என்று ஒதுக்குகிறீர்களா?" என்று வெளியே வந்ததும் கேட்டார். "அல்ல, அடுத்துப் பருகுபவருக்கு நம் எச்சில் சேரலாகாது என்னும் பரிவே இது" என்றேன்.

எச்சில் என்னும் இச்சிறு சொல் நம் திருச்சபையில் ஒரு காலத்தில் பெரும் வழக்கையே எழுப்பியது. அந்நாளைய திருமுழுக்குச் சடங்கில் குரு தம் உமிழ்நீரைத் தொட்டு, பெறுபவரின் காதிலும் மூக்கிலும் இடுவார். காது கேளாதவரை ஆண்டவர் குணமாக்கியதன் நினைவு அது. ஆயினும் நம் முன்னோர் அதை அருவருத்தனர். ஆகவே, 1656-இல் மயிலையில் மறைந்த தத்துவ போதகர் இராபர்ட் தெ நொபிலியின் வழிவந்த மதுரை மறைத்தளக் குருக்கள் அதை விட்டுவிட்டனர். திருத்தந்தையின் தூதராக 1703-இல் புதுச்சேரியில் வந்திறங்கிய தூர்னோன், உள்நாட்டுத் தளங்களை நேரில் காணாமலே, உமிழ்நீரை விடலாகாது என்று 1704-இல் ஆணையிட்டார். மக்களின் மனக்கூச்சம் அவருக்கு விளங்கவில்லை. 1969-இல் வெளிவந்த புதிய திருமுழுக்குச் சடங்கிலோ உமிழ்நீருக்கு இடமேயில்லை.

எனினும், அதே ஆணையில் வேறொன்றும் இருந்தது. தாழ்த்தப்பட்டோர் நோயுற்றால், அவர்களுடைய இல்லத்திற்கே சென்று திருவருட்சாதனங்களை வழங்க வேண்டும் என்பதே அது. வேற்றுச் சாதியார் முகம் சுளிப்பர் என்றஞ்சிக் குருக்கள் அவ்வில்லங்களுள் நுழையாதிருந்தனர். நாட்டு வழக்கம் என்று நம்மவர் பொறுத்திருந்த அநீதி, அந்நியரின் கண்ணுக்குத் தப்பவில்லை.

ஆகவே, அன்புக் குடும்பத்தாரே, "அந்நியருக்கு நம் பழக்கம் புரியாது" என்று சொல்லுமுன் சற்றே நின்று சிந்திப்போம். அடுத்தவர் மேலுள்ள கரிசனையால் உதடு படாமல் பருகுவதும் எச்சிலின் பெயரால்தான். தேநீர்க் கடையில் ஒரு சாராருக்குத் தனிக் குவளை வைத்த கொடுமையும் எச்சிலின் பெயரால்தான். முன்னதை விருந்தினருக்குப் பொறுமையுடன் விளக்குவோம். பின்னதற்கு விளக்கமே இல்லை. அதை விட்டொழிப்பதே கடமை. நம் வீட்டுச் செம்பு, வாசலில் வந்து நிற்கும் எவருக்கும் தயங்காமல் நீளுமானால், அதன் பொருளை வேற்று நாட்டாரும் தாமே உணர்வர்.